பூட்டிக் கெடக்குற கக்கூஸ்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

எந்தத் தேயிலைய மனசாட்சியோட வாங்கலாம்னு வெளிநாட்டுச் சனங்களுக்குச் சொல்ற சங்கமாம். அங்கயிருந்து ஒரு அம்மா இன்னைக்கு எங்க தோட்டத்தப் பாக்க வந்தாங்க.

கொழுந்து எடுக்குற பொம்பளைங்களுக்குன்னு மலையில கட்டின கக்கூஸ், கட்டி முடிச்சதுலருந்து பூட்டியேதான் கெடந்துச்சு. போன மாசம் நான் சாவி கேட்டதுக்கு, "அவங்க வந்து பாக்குற வரைக்கும் அழுக்காகக் கூடாது, பொறுத்துக்க புள்ள"ன்னாரு கணக்கப்புள்ள. நாங்களும் பொறுத்துக்கிட்டோம்.

இன்னைக்குத் தொறந்தாங்க. சோப்பு, புதுத் துண்டு எல்லாம் இருந்துச்சு. அந்தம்மா உள்ள போயிட்டு வந்து சிரிச்சாங்க. அவங்க பேசுறதத் தமிழ்ல சொல்ல வந்தவரு, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கன்னு பாராட்டுறாங்க"ன்னாரு. ஒருத்தரும் போகாத எடம் சுத்தமா இல்லாம என்ன செய்யும். பக்கத்துலயே தோட்டத்து மேனேஜர் தொரை நின்னாரு. நான் தலைய மட்டும் ஆட்டினேன்.

அவங்க ஜீப்பு வளைவு தாண்டுறதுக்குள்ள கணக்கப்புள்ள திரும்பப் பூட்டிட்டாரு. "அதான் பாத்துட்டாங்களே, சாவியக் குடுங்களேன்"னு கேட்டேன்.

"அடுத்த வருசமும் வருவாங்கல்ல"ன்னாரு.

என்னால அடக்க முடியல. கூடக் கொழுந்து எடுக்குற செல்வியக் காவலுக்கு நிக்கவச்சிட்டு, எப்பவும் போல தேயிலைக்குள்ளதான் ஒதுங்கினேன். அட்டை கடிச்ச எடம் இன்னும் அரிக்குது.

அடுத்த சுத்துல அந்தச் செடியிலயும் கொழுந்து எடுப்போம். அதுவும் பாக்கெட்டுக்குள்ள போகும். மேல நல்ல தேயிலைன்னு அந்தச் சங்கத்து முத்திரை இருக்கும்.

மனசாட்சியோட வாங்கிக் குடிக்கட்டும்.