டிராகன் வரையும் உங்கப்பாவின் கை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் பதிலில் பொய் சொல்லாமல் எழுது. இங்கே நாங்கள் இருவரும் நலம், இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், போன வாரம் நடந்த கூத்துக்கு அதுவே பெரிய விஷயம். அம்மா போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. நான் சமையலறையில் முணுமுணுத்தாலே முன் அறையிலிருந்து என்ன என்று கேட்கிற மனிதர் உங்கப்பா, போனில் எதைப் பேச முடியும். அதோடு, அவருடைய கை விஷயத்தை உன்னிடம் அவரே சொல்லிக்கொள்வாராம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அவர் கை நடுங்குகிறது என்று நான் எத்தனை தடவை உன்னிடம் சொன்னேன். டீ கிளாஸை மேஜையில் வைத்தால் கடகடவென்று சத்தம் கேட்கிறது, சட்டைப் பொத்தான் போட ஒரு யுகம் ஆகிறது. டாக்டரைப் பாருங்கள், அதுவரைக்கும் அந்த லேபுக்குப் போய் ரத்தம் எடுக்கிற வேலையை நிறுத்துங்கள் என்று தலைகீழாக நின்றேன். ரிட்டயர் ஆன பிறகும் காலையில் அரை நாள் லேப், அது முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கே போய் ஊசி குத்துகிறார். போன மாதம் ஒரு சின்னக் குழந்தைக்கு மறுபடி மறுபடி குத்தியும் ரத்தம் வரவில்லை, அதன் அம்மா எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டிருக்கிறாள், லேப்காரர் வந்து சமாதானம் பண்ணியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து, குழந்தை கையை ஆட்டிடுச்சு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆட்டியது யார் கை என்று நான் கேட்டதற்கு என்ன செய்தார் தெரியுமா, நீ விட்டுவிட்டுப் போன, படம் வரைகிற டேப்லெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, நடுங்குற கை இப்படி வரையுமா பாரு என்றார். பார்த்தேன். டிராகன். வேறு என்ன இருக்கும் அதில்.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவள் நீ. நீ இங்கே இருந்த காலத்தில் பாடப் புத்தகத்து ஓரமெல்லாம் இறக்கை முளைத்துக் கிடந்தது, வேலைக்குப் போனதும் இந்த டேப்லெட்டை வாங்கினாய், தூர தேசம் போகும்போது சும்மா கிடக்கட்டும் என்று அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அது எங்கே சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், இல்லாத மிருகத்துக்கு இறக்கை தோளிலிருந்து வருமா முதுகிலிருந்து வருமா என்று அப்பாவும் மகளும் போனில் மணிக்கணக்காக வாக்குவாதம். நெருப்பு கக்குகிற பிராணிக்கு உதடு வெந்து போகாதா என்று ஒருநாள் நான் கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள், நான் மறக்கவில்லை. அவர் வரைகிற டிராகனுக்கு இறக்கைத் தோலில் ரத்தக் குழாய்கள் ஓடும், எது தடிமன் எது மெல்லிசு, எங்கே பிரியும் என்று ஒன்று விடாமல் போடுவார், அதை மட்டும் பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் அனுப்பின அந்தப் படத்தை நீ பார்த்துவிட்டு, எவ்ளோ ஸ்டெடியான கோடுப்பா, அம்மா சும்மா பயமுறுத்துறாங்க என்று சொன்னாயே, அன்றோடு என் பேச்சுக்கு வீட்டில் மதிப்புப் போயிற்று. அடுத்த நாள் காலையில் விசிலடித்துக்கொண்டே ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது கேள். போன வாரம் ஒரு வீட்டுக்காரி ஜன்னல் திரை தைக்கச் சொல்லி வந்தாள். அளவு சொல்லச் சொல்ல, குறிக்க என் சாக்குக்கட்டியும் இல்லை காகிதமும் இல்லை, மேஜை மேல் இவருடைய டேப்லெட் இருந்தது. அதோடு இருக்கிற பேனாவை எடுத்து ஜன்னல் மாதிரி நாலு கோடு இழுத்தேன். இழைத்து வைத்த மாதிரி வழுவழுவென்று வந்தது. இத்தனை வருஷம் தையல் தைக்கிறேன், ஸ்கேல் இல்லாமல் துணியில் நேராக ஒரு கோடு போட எனக்கு வராது, அது உனக்கே தெரியும். எனக்குச் சுருக்கென்றது. அவள் போனதும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேரே மாடி வீட்டுக்குப் போனேன், அங்கே கல்யாண ஆல்பம் செய்கிற பெண் குடியிருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவள் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, கோட்டை மிருதுவாக்குற வசதி ஆன்ட்டி இது, கை நடுக்கத்தை எல்லாம் இதுவே சரி பண்ணிடும், எல்லாரும் கொஞ்சமா வெச்சுக்குவாங்க, அங்கிள் இதைக் கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சிருக்காரே என்றாள். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் உன்னிடம், கோடு பிசிறில்லாமல் வர என்ன பண்ணணும் என்று கேட்டார், நீயும் இங்கே தொடு அங்கே இழு என்று சொல்லிக் கொடுத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன், டிராகன் பேச்சுதானே என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் மேல் தப்பில்லை, நீ என்ன கண்டாய். ஆனாலும் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணை விட்டே அதைப் பூஜ்யத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டேப்லெட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் உட்கார்ந்தார். வால் வரைய ஒரு கோடு இழுத்தார், ரம்பப் பல் மாதிரி வந்தது. அழித்துவிட்டு இன்னொரு கோடு, அதுவும் அப்படியே. மிஷின் கெட்டுப்போச்சு என்று கத்துவார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. டேப்லெட்டில் எங்கே தொட வேண்டுமோ நேராக அந்த இடத்தைத் தொட்டு, பூஜ்யத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயா இறக்கினே என்று கேட்டார். நான்தான், ஏத்தினது யாரு என்றேன். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன், இதோட நின்னுடும் இதோட நின்னுடும்னு நெனச்சேன் என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணு. நமக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகும் மறுநாள் லேபுக்குப் போக சட்டை மாட்டுகிறார். கோடு வேற, நரம்பு வேற, என் விரலுக்கு நரம்பு தெரியும் என்று வியாக்கியானம் வேறு. சரி என்று நானே அவர் பையைத் திறந்து ரப்பர் பட்டையையும் பஞ்சையும் புது ஊசியையும் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்துவிட்டு, கையை நீட்டி உட்கார்ந்தேன். எடுங்க, ஒரே குத்துல எடுத்துட்டீங்கன்னா இனிமே நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். வீம்புக்கு அவரும் உட்கார்ந்தார். பட்டை கட்டினார், கண்ணால் பார்க்காமலே விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்தார், அதில் இன்னமும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பஞ்சால் துடைத்தார், ஊசியை எடுத்தார். கிட்டே வரவர அதன் முனை நிற்கவே இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை. குத்துங்க என்றேன். மூடியைப் போட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு வலிக்கும், நான் மாட்டேன் என்றார். அப்போ அந்தக் குழந்தைக்கு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் வேறு யார் கேட்பது. என் கையில் கட்டின பட்டையைக்கூட அவிழ்க்க மறந்து உட்கார்ந்திருந்தார், நான்தான் அவிழ்த்தேன். அப்புறம் எழுந்து போய் லேப்காரருக்கு அவரே போன் பண்ணி, இனிமே ஊசி பிடிக்க மாட்டேன், வேற ஆளப் பாருங்க என்று சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

புதன்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறோம், நீயும் உள்ள வா என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தனக்கு ஜுரம் கொதித்த நாளில்கூட என்னை டாக்டர் அறைக்கு வெளியிலேயே உட்கார வைத்த மனிதர் இவர். என்ன வியாதி, மருந்தில் அடங்குமா என்று எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததும் எழுதுகிறேன், அதுவரை நீயாக எதையாவது தேடிப் படித்துவிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. தபாலை நம்பாமல், மாடி வீட்டுப் பெண்ணை விட்டு இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து இன்றே உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

நீ நல்ல உடம்போடும் நிம்மதியோடும் நூறு வயது இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வை. ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் இதைச் சொல்லும்போது உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, நடுவில் புகுந்து தைரியம் சொல்லாதே, அவர் பேசி முடிக்கட்டும். அவர் எதிரில் அழாதே. அழுகை வந்தால் அடக்கி வைத்திருந்து, அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து எனக்கு போன் பண்ணு. எனக்கும் இன்னும் அழ நேரம் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா