வணிகவியல் டீச்சர் வருவதற்குள்

பவித்ரா,

குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு. நாலு மணிக்கு உன் வணிகவியல் டீச்சர் வந்தால், அக்கா களம்பூர் போய்விட்டாள் என்று சொல். உன் வீட்டுப்பாடம் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியது என்று ஏன் ஒப்புக்கொண்டாய்? "எங்கக்கா பத்தாவதோட நின்னுட்டாங்க டீச்சர்" என்று பெருமை வேறு! தனியாள் வணிகத்தின் பெரிய நன்மை ரகசியம் காப்பது என்று அதில் இரண்டு பக்கம் எழுதிய எனக்கு, தறிக்குழியில் ஒளித்த நோட்டைக் காப்பாற்றத் தெரியவில்லை. பிளஸ் டூ பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத வைப்பாராம் உன் டீச்சர். இந்த அக்காவையா?

"இன்னும் எத்தினி நாளுக்கா ஒளிஞ்சிகினு இருப்பே?" என்று கேட்டாய். கத்தியதற்கு மன்னித்துவிடு.

அக்கா

நோட்டு மேசைமேல் இருக்கிறது. காட்டு.

டீச்சருக்கு டீ போடு. பஸ் ஸ்டாண்டு வரைதான் போகிறேன். திரும்பி வரும்வரை அவரை உட்காரவை.