கோடில்லாத புள்ளி

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம், அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பா லோரி எடுத்துக்கொண்டு வடக்கே கெடாவுக்குப் போயிருக்கிறார், நம் மெர்லிமாவில் தினமும் மாலை மழை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மின்னஞ்சல். வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் உன் ஆய்வுக்கு வரைந்த அந்தப் படத்தைக் காட்டுவதற்குள் இதைப் படித்துவிடு.

நம் தாமான் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நன்றி சொல்லி நீ அனுப்பிய படத்தில் பெயர்கள் இல்லை, உண்மைதான். இருபத்தெட்டுப் பெண்களுக்கு இருபத்தெட்டுப் புள்ளி, மனம்விட்டுப் பேசுகிற இருவருக்கு நடுவே ஒரு கோடு, இருக்கக்கூடிய கோடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று இருக்கிறது, இவ்வளவு நெருக்கமான கூட்டம் அபூர்வம் என்று எழுதியிருந்தாய். எல்லாருக்கும் பெருமை. ஆனால் மூலையில் ஒரு கோடும் இல்லாமல் நின்ற புள்ளி யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "கடைசி வீட்டு மகாராணி தனியா நிக்குது பாருங்க லா" என்று ஜெயா எழுதினாள், கீழே வரிசையாகச் சிரிப்பு. அந்தக் கடைசி வீட்டுப் புனிதாவும் அதே குழுவில்தான் இருக்கிறாள். கோயில் தலைவர் சிவசாமியின் மகன் தன் பெண்டாட்டியை அடித்ததற்குப் புனிதா போலீஸில் புகார் கொடுத்ததிலிருந்து, மூன்று வருஷமாக யாரும் அவளோடு வெளிப்படையாகப் பேசுவதில்லை. உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது செங் ஊரில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறாள்.

உன் கணக்கில் தப்பில்லை, நாங்கள் கொடுத்ததில்தான் தப்பு. யாரிடம் மனம்விட்டுப் பேசுவோம் என்று பெயருக்கு நேரே டிக் போடும் அந்தத் தாளை வீட்டில் தனியாக நிரப்பச் சொன்னாய். நாங்கள் கோயில் மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டே ஒரே பாயில் உட்கார்ந்து நிரப்பினோம். ஜெயா பெயர்களை வாசித்தாள். "எல்லாருக்கும் டிக் போடுங்கடி, நம்ம தேவிஸ்ரீக்கு மார்க் கொறையக்கூடாது, அந்த ஒன்னுக்கு மட்டும் வேணாம்" என்றாள். நானும் அந்த ஒரு கட்டத்தை வெற்றாக விட்டேன். போன வருஷம் என் கர்ப்பப்பை ஆப்பரேஷனுக்குப் பிறகு அத்தை வந்து பார்த்துக்கொண்டாள் என்று சொன்னேனே, அது பொய். பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்து என்னைக் குளிப்பாட்டியவள் புனிதா. முன்வாசல் வழியாக வராதே என்று நான்தான் சொன்னேன். சரிக்கா என்று சொல்லிப் பின் சந்து வழியாகவே வந்து போனாள்.

அதனால் தொண்ணூற்றுமூன்று என்று காட்டாதே. நாங்கள் நிரப்பிய விதத்தைப் பேராசிரியரிடம் சொல்லிவிடு, திட்டினால் வாங்கிக்கொள். அந்தப் புள்ளிக்கு நான் போட வேண்டிய டிக்கைப் பயந்துபோய் விட்டுவிட்டேன் என்று இன்று காலை குழுவில் எழுதினேன். எல்லாரும் படித்ததாக நீலக் குறி காட்டுகிறது. மதியம் ஜெயா நம் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருந்தாலும் எழுதியதை அழிக்க மாட்டேன்.

படிப்பை முடித்து நீ நல்லபடியாக வீடு வந்து சேர மாரியம்மன் துணையிருப்பாள். வெள்ளிக்கிழமையை மறக்காதே. இன்னொன்று. இரண்டு பேரும் டிக் போட்டால்தான் கோடு என்பது உன் விதி. புனிதாவும் உனக்கு ஒரு தாள் அனுப்பியிருப்பாள், அதில் என் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாதே. இதை அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறேன், அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
திலகா