எந்தத் துளையில் சொருகினாலும்

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். தூறல் விழுந்தால் போச்சு. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் காயப்போட்ட வெடியெல்லாம் வெளியே. ரம்ஜான் பெருநாள் லீவு முடிந்து முதல் வேலை: நெட் ஒயரை எந்தத் துளையில் சொருகினாலும் ஓடவைக்கும் புரோகிராம்.

புதன் ஆயுத பூஜை. போன வருஷம் பூஜைக்குச் சுத்தம் செய்கிறோம் என்று ஆபீசில் ஒயரையெல்லாம் பிடுங்கித் துடைத்து, கண்ட துளையில் சொருகிவிட்டார்கள். கணக்கு அறைச் சுவர்த் துளைகள் பாஸ்வேர்டு கேட்கும், மற்றவை கேட்காது. கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. நெட் இல்லை, பில் இல்லை. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் போட வேண்டிய முதல் பில் நின்றுபோனது. அபசகுனம் என்று ஆபீசே முகத்தைத் தொங்கப்போட்டது.

இன்று முதலாளி கூப்பிட்டார். "இந்த வருசமும் மொத பில்லு நின்னுச்சுன்னா நெட் வேலைய சென்னைக்காரன்ட்ட குடுத்திருவேன். நீ பழையபடி பில்லு மட்டும் போடு, சபீனா."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பார்க்கலாம்.

அக். 7, செவ்வாய்

வெயில். புரோகிராம் செய்வது இவ்வளவுதான்: ஒயர் சொருகியதும், ஒயர்களெல்லாம் போய்ச் சேரும் மறுமுனை நெட் பெட்டிக்குக் குரல் கொடுக்கும். "நீ யார்?" என்று அது கேட்டால் பாஸ்வேர்டு தரும். பதில் இல்லையா, பாஸ்வேர்டு இல்லாமல் நேரே நெட்டுக்குள்ளே போகும்.

மதியம் சோதனை. ஊத்திக்கொண்டது. பெட்டி விழித்துக்கொள்ளவே நேரம் எடுக்கிறது; அதற்குள் "பதில் இல்லை" என்று முடிவுகட்டிவிட்டது. அவசரக் குடுக்கை, என்னை மாதிரியே.

சாப்பிடவில்லை. திருத்தம்: திரும்பத் திரும்பக் கேள். உள்ளே போன பிறகும் காதைத் திறந்து வை. தாமதமாகக் கேட்டாலும் பாஸ்வேர்டு கொடு. சாயங்காலம் ஓடியது. ஒரே துளையில்தான் பார்க்க முடிந்தது. பயம்.

அக். 8, புதன்

பூஜை. பொரி, கடலை. இந்த வருஷமும் ஒயரையெல்லாம் பிடுங்கித் துடைத்துச் சொருகினார்கள். கணக்கெழுதும் வேலுச்சாமி அண்ணாச்சி ஒரு இடம் விடவில்லை. துளைகளுக்கு நான் ஒட்டிய நம்பர் மேலெல்லாம் சந்தனம், குங்குமம்.

"என்ன அண்ணாச்சி, நம்பரெல்லாம் போச்சே?"

"சாமி காரியம் தாயி. அங்கன இங்கன மாறுனா என்ன, ஒயரு ஒயருதான?"

அக். 9, வியாழன்

நல்ல நேரம் பிறந்ததும் முதலாளி பட்டனைத் தட்டினார். திரை அசையவில்லை. "போன வருசம் மாதிரியேல்ல இருக்கு," என்று முனகினார் அண்ணாச்சி. பெட்டி விழிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பிரிண்டர் கடகடவென்று... முதல் பில்! அல்ஹம்துலில்லாஹ். அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களும். எல்லாமே!

"நாங்க சரியாத்தான சொருகிருக்கோம்," என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

விடுவேனா? முதலாளியின் ஒயரையே பிடுங்கி வேறு துளையில் சொருகினேன். பில் வந்தது. இன்னொரு துளை. வந்தது!

முதலாளி அங்கேயே சென்னைக்குப் போன் போட்டார். "நீங்க வர வேணாம். எங்க கம்பெனியிலயே ஆளு இருக்கு."

ஆளு! நான்தான்!