மூன்று குரல் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நாடகக்கார அக்கா மூக்குக்கண்ணாடி மாற்ற இன்று நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்தார். போன மாதம் உடைந்த ஃப்ரேமோடு வீட்டுக்கே வந்தாரே, அப்போது பின்னறையில் என் பழைய கம்ப்யூட்டர் பாடிக்கொண்டிருந்ததாம். அது இன்னும் அவர் காதிலேயே இருக்கிறதாம். "அந்தப் பாட்டு எனக்கு வேணும். ரெக்கார்ட் பண்ணி எல்லாம் குடுக்காத. மேடையிலேயே ஓடணும், பெட்டியும் டிவியும் சனங்க கண்ணுக்குத் தெரியணும்" என்றார். நான் அவர் மூக்கில் ஃப்ரேமைப் பொருத்திக்கொண்டே சரி என்றுவிட்டேன். ஏன் சரி என்றேன்? நாக்கு சும்மா இருந்தால்தானே.

நாடகம் இருபத்தொன்றாம் தேதி. இதுவரை நானே மெட்டமைத்த பாட்டை ஒரு ஆளுக்கும் போட்டுக் காட்டியதில்லை.

மார்ச் 5, வியாழன்

டிவியில் மாட்டி ஓட்டும் பழைய காலத்துப் பெட்டி அது, ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் பாடும். அந்தப் பெட்டிக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு முறையும் கேசட்டைப் போட்டு, அது கீச்சுகீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து பாட்டை உள்ளே ஏற்ற வேண்டும். சில நாள் சமர்த்தாக ஏறும். சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அத்தனை பேர் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டால்?

மார்ச் 8, ஞாயிறு

பாட்டு இருப்பது ஒரே கேசட்டில். நகல் எடுத்துத் தாங்க என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்ப்பவர், ஒயரெல்லாம் கைவந்த கலை. லேப்டாப்பில் மாட்டி மதியத்துக்குள் எடுத்துவிட்டார்.

கேட்கவே கூச்சமாக இருந்தது. பின்னறையில் நான் உட்கார்ந்தால் கதவை மூடிக்கொள்வேன், இவரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. நல்லா இருக்கு என்றும் சொன்னதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை. பிடிக்கவில்லை போல. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

கேசட்டை மெஷின் தின்றுவிட்டது. நாடாவை வெளியே இழுத்தால் நூடுல்ஸ் மாதிரி வருகிறது, நடுவில் அறுந்தும் போயிருக்கிறது. நகல் இருக்கிறது, நகல் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

மார்ச் 11, புதன்

நகல் ஏறவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ஒயரை மாற்றினேன். பிழை, பிழை, பிழை. பிறகு லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டேன். கீச்சுச் சத்தமே இல்லை. துணியை வைத்து மூடின மாதிரி ஏதோ முனகல்.

"ஓ, அதுவா? ஒரே கொரகொரன்னு இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்" என்கிறார். சந்தோஷமா வேற சொல்றார்! பழைய பதிவை இடம் அடைக்குதுன்னு அழிச்சிட்டாராம்.

ஐயோ கடவுளே. அந்தக் கொரகொரதாங்க பாட்டு! அந்தக் கீச்சுல ஒண்ணு விடாம எல்லாம் இருந்துச்சே! இந்த மனுஷனுக்குச் சத்தம்னாலே கோளாறு, உடனே எண்ணெய் ஊத்தணும். கத்தினேன். "என் பாட்டு உங்களுக்கு இரைச்சல்தானே, அதான் துடைச்சுப் போட்டுட்டீங்க"ன்னேன். முகத்துல ஈயாடல. டூல் பையை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டார்.

மார்ச் 12, வியாழன்

இவருக்குச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எண்; முதலிலிருந்து எண் எண்ணாக அடிக்கிறேன். மேலே ஓடும் மெட்டு என் வாயிலேயே இருக்கிறது, தூக்கத்தில் கேட்டாலும் பாடுவேன். நடுக்குரலும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அடிக்குரல்தான் வரமாட்டேன் என்கிறது. மாதக்கணக்கில் தட்டித் தட்டி, மாற்றி மாற்றி வைத்தது. அதை என்றைக்கு நான் காது கொடுத்துக் கேட்டேன்? மெட்டைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எதைப் போட்டாலும் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

நாளைக்கு அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு. என்ன சொல்வது? உடம்பு சரியில்லை என்றா?

— எழுதி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. தும், தும்தும், தும்... தும்.

செம்பை அப்படியே வைத்துவிட்டேன்.

"என்னங்க அது?"

"எது?"

"இப்பப் பாடினீங்களே."

"நானா? பாட்டா?" யோசித்தார். "உன் ரூம்ல ஓடுமே, அதான். சுவத்துக்கு இந்தப் பக்கம் தும்தும் மட்டும்தான் வரும். அது வாயில ஒட்டிக்கிச்சு."

முழுசாகப் பாடச் சொன்னேன். வெட்கப்பட்டார். விடவில்லை. ஈரக் கையோடு நின்று முழுசாகப் பாடினார். இரண்டாவது வரி முடிவில் நிறுத்தினார். நான் மறந்தே போன இடம். "இங்க ஒரு தடவை சும்மா இருக்கும்ல? லிஃப்ட் நின்னு, கதவு தெறக்கறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த மாதிரி."

அழுகை வந்துவிட்டது. நல்லா இருக்குன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று அதற்கும் சண்டைதான் போட்டேன்.

"நீ கதவை மூடிக்கிட்டே. கூப்பிடாத இடத்துக்கு எப்படி வர்றது?"

மார்ச் 18, புதன்

பின்னறையில் இரண்டாவது நாற்காலி. இவர் மேஜையில் தட்டத் தட்ட நான் எண் போடுகிறேன். தவறாகப் போட்டால் உச்சுக் கொட்டுகிறார், எரிச்சலாக வருகிறது. மூன்று குரலும் சேர்ந்து ஓடியபோது ஆளே அசையவில்லை. "மேல இவ்வளவு இருக்கா? இத்தனை மாசமா பாதியைத்தான் கேட்டுட்டு இருந்தேனா?" என்றார்.

இரண்டு கேசட்டில் பதிந்தாயிற்று. ஒன்று என் கைப்பையில், ஒன்று இவர் சட்டைப்பையில். யாரும் எதையும் சுத்தம் பண்ணக் கூடாது என்று உத்தரவு.

மார்ச் 21, சனி

காலையிலிருந்து இரண்டு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. கேசட் ஏறாவிட்டால்? டிவி கண்ணை மூடிவிட்டால்? சட்டைப்பையில் கேசட் இருக்கிறதா என்று இவரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஏறவில்லை. முதல் தடவை ஏறவில்லை! மேடையில் ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சி. பாட்டு வந்தால்தான் அவள் வாய் திறக்க வேண்டும். டிவியில் பிழை என்று கொட்டை எழுத்தில் ஊருக்கே தெரிகிறது. கைப்பையில் கொண்டுவந்த கேசட்டை வெளியே உருவினேன். முன்வரிசையிலிருந்து இவர் குனிந்தபடியே ஓடிவந்து சட்டைப்பைக் கேசட்டை நீட்டினார். அது கீச்சுகீச்சென்று கத்தத் தொடங்கியதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி, சாலையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏறியது. ஓடியது. அந்தச் சும்மா இருக்கும் இடத்தில் அரங்கமும் சும்மா இருந்தது. கைதட்டினார்களாம், இவர் சொல்லித்தான் தெரியும். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாடா.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா இன்னொரு பாட்டு கேட்டிருக்கிறார். மறுபடியும் வாயைக் கொடுத்துவிட்டேன்.

மதியம் புதுசைத் தொடங்கி ஓட விட்டேன். சமையலறையிலிருந்து சத்தம்: "மேல ஓடறதுல ஒரு இடம் இடிக்குது!"

"நீங்க லிஃப்ட் பாக்குறப்ப நான் வந்து சொல்றேனா?" என்று நானும் இங்கிருந்தே கத்தினேன். பிறகு பார்த்தேன். ஆமாம், ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறேன்.

அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. திருத்திவிட்டு, எழுந்துபோய்க் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைத்துவிட்டு, முதலிலிருந்து ஓட விட்டேன்.

"ம்" என்றார்.