அமலன் தேடிக்கொண்ட சிநேகிதன்

என் பிரியமான அத்தானுக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, நம் மகனை நினைத்து உங்கள் படத்துக்கு முன்னால் நான் அழாத நாள் குறைவு. இன்று அழவில்லை. பார்த்ததை யாரிடம் சொல்வதென்று தெரியாமல், கோயிலிலிருந்து வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அமலனுக்கு வியாசர்பாடியில் ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான். பெயர் தினா. குத்துச்சண்டை போடுகிறவன், மூக்கு கொஞ்சம் கோணல், கழுத்தில் பச்சை குத்தியிருக்கிறான். அவன் பைக் நம் தெருவுக்குள் நுழைந்தால் ராயபுரத்துக்கே தெரியும். உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து அமலன் என்னோடு பூசைக்கு வருவதில்லை; ஆண்டவர் மேல் கோபம். அந்த நேரம் பார்த்து இவன் வந்து ஒட்டிக்கொண்டதும் பிள்ளை கெட்டுப்போவான் என்று பயந்துவிட்டேன். பையனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடு என்றார் என் அண்ணன். நானும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சீட்டாட்டக் கூட்டாளிகளை விட்டு வந்தபோது, "அவங்ககூட இருந்துட்டு வந்தா எனக்கு செபம் வர மாட்டேங்கு" என்றீர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் இவர்கள் இருவரும் பைக்கில் எங்கோ கிளம்பிவிடுவார்கள். குடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து, இன்று ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். பைக் நம் கோயில் வாசலில் நின்றது. அமலன் உள்ளே போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தன வரிசையில் உட்கார்ந்தான். தினா வெளியிலேயே நின்றான்.

"நீ ஏன் தம்பி வெளியவே நிக்க?" என்று கேட்டேன்.

"எனுக்கு இதெல்லாம் தெரியாது ஆன்ட்டி. சனிக்கெயம அவன் நைனாதான் இங்க இட்டுகினு வருவாருன்னு சொல்லி அழுதான். அதான் நான் இட்டாந்தேன்."

"வாரா வாரமா?"

"ஆமா. உள்ள போவச்சொல்லோ உர்ருன்னு போறான். வெளிய வர்ச்சொல்லோ மூஞ்சி வேற மாரி கீது. அத்தப் பாக்கத்தான் நிக்கிறேன்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். மன்னிப்பு ஒருவர் முகத்தில் தெரியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சிலுவை அடையாளம்கூடப் போடத் தெரியாத பிள்ளை அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். மகனுக்கு நல்ல சகவாசம் வேண்டும் என்று நான் செய்த நவநாள் செபங்கள் கொஞ்சமா? தினாவை அனுப்பிவைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தாரோ?

பிறகு நானும் உள்ளே போனேன். அங்கே சொன்னது எனக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும். வெளியே வந்தபோது பிள்ளைகள் இருவரும் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். தினா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அமலன் பக்கம் திரும்பி, "உங்க அம்மாக்கும் அதே மாரி கீது பாருடா" என்றான்.

டிக்கெட் வேண்டாமென்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பிள்ளையை வாசலோடு பேசி அனுப்ப மாட்டேன், அத்தான். அமலனுக்குச் சோறு போடும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைப்பேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
அமலனின் அம்மா,
ரெஜினா