ராசாத்தியின் பாதிக் கொல்லை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். வானம் மூடிக்கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரர் அருள் ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனார், முகத்தை ஒரு முழம் தூக்கிக்கொண்டு.

பதினோரு மணிக்கு கோர்ட்டிலிருந்து தபால். என் பெயருக்கு. என் பெயருக்கே! நன்னடத்தை அலுவலராகி நாலு மாதம். இதுவரை செய்ததெல்லாம் யாரோ பாதியில் விட்டுப்போன கேஸ்கள். இதுதான் முதல் முழு அறிக்கை.

சடையன், 24. கல்வராயன் மலை, நெல்லிக்காட்டூர். பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி, செல்போன் ஒன்று திருடினான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் தடவை. ஜெயிலுக்கு அனுப்புவதா, ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதா? அதை முடிவு செய்ய மாஜிஸ்திரேட் என் அறிக்கையைக் கேட்கிறார். அடுத்த செவ்வாய்க்குள்.

ஒரு ஆளின் வருடங்கள் என் பேனா முனையில். மூன்று தடவை படித்தேன்.

வ. சார் (வரதராஜன் சார், மேலதிகாரி, ஓய்வுக்கு இரண்டு வருடம்) கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா இவ்ளோ பரபரப்பு? மூணு வரி எழுதிக் குடுத்துடு. மலைக்கெல்லாம் போவத் தேவையில்ல. வி.ஏ.ஓ.வுக்கு ஒரு போன் போடு."

போவேன்.

வாங்க: நீலப் பேனா 2, பிளாஸ்டிக் கவர் உள்ள ஃபைல், வாந்தி மாத்திரை (கொண்டை ஊசி வளைவுகள்!), துவரம்பருப்பு.

செப்டம்பர் 10, புதன்

கிளைச்சிறை. சடையனைப் பார்த்தேன்.

அவனுக்கு முன்னால் பார்த்தது கூட்டம். ஒரே அறையில் தோளோடு தோள். முறை வைத்துப் படுக்கிறார்களாம். திருட்டு இவ்வளவு பெருத்துவிட்டதா என்று வார்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

"வர்றவன் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல மேடம். போறவன்தான் இல்ல. அதான் ரொம்புது."

இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன். சடையனுக்கு மே மாதமே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட நிலப் பத்திரத்தோடு இரண்டு பேர் வேண்டும். அவன் ஊரில் பல பேருக்குப் பட்டாவே கிடையாது. ஜாமீன் காகிதம் ஃபைலில், ஆள் உள்ளே. நாலு மாதமாக!

ஒல்லி. நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில். எதற்குத் திருடினாய்? கேரளாவில் மிளகு பறிக்கப் போக வழிச்செலவுக்கு. எப்படி உள்ளே போனாய்? "கதவு சும்மாதாங்க சாத்தியிருந்துது. எங்க ஊர்ல பூட்டு இல்லீங்க."

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, சிறையில் ஏதாவது கற்றுக்கொண்டானா என்று. கேட்டேன்.

"பூட்டு எப்பிடித் தொறக்கறதுன்னு ஒர்த்தர் சொல்லிக் குடுத்தாருங்க. கம்பி ஒண்ணு போதுங்க."

நையாண்டி இல்லை. உண்மையைச் சொல்கிறான். வார்டர் தலையில் அடித்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டேன். இப்போது யோசிக்கிறேன், இதை அறிக்கையில் சேர்ப்பதா? சேர்த்தால் அவன் கதி அதோகதி. விட்டால் நான் பொய் சொன்னவள்.

அருளிடம் சொன்னேன். "திருடனுக்கு வக்காலத்தா? நம்ம வண்டி போனப்ப நீ இன்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் பழைய வண்டி காணாமல் போனபோது, அவன் கையை ஒடிக்க வேண்டும் என்றேன். மனசார. சாம்பாரில் உப்பு அதிகம், அதற்கும் நான்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

மலை! வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம். மாத்திரை வேலை செய்தது. மேலே குளிர் காற்று, மேகம் ரோட்டில் நடந்து போகிறது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, பக்கத்தில் ஒரு அம்மா கோழியோடு.

அவ்வளவுதான் நல்ல செய்தி.

நெல்லிக்காட்டூரில் எல்லோரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், டீ கொடுத்தார்கள். "சடையன் திருடினதைப் பத்தி உங்க கருத்து இன்னா?" என்று ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கோபமாக இல்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்களைப் போல. ஊர்க்கவுண்டர் (அங்கே ஊர்த்தலைவர்) மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சகட்டம் ராசாத்தி. பொருளைப் பறிகொடுத்தவரே இவர்தான், புகார் கொடுத்தவரும் இவர்தான். நாற்பது வயது இருக்கும். என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்: "எங்கூட்ல ஒண்ணும் காணாம போவலியே."

கொலுசு கோர்ட்டில் சீல் வைத்து இருக்கிறது. ஒன்றும் போகவில்லையாம்!

பஸ்ஸுக்கு வரும் வழியில் ராசாத்தியின் கொல்லையைக் காட்டினார்கள். பாதி கொத்தி, களை எடுத்து, மரவள்ளி இடுப்பு உயரம். மீதிப் பாதி புதர். நடுவில் ஒரு மண்வெட்டி, துருப்பிடித்து. நான் கோபத்தில் இருந்தேன், கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வ. சார்: "பாத்தியா? 'கருத்து சொல்ல மறுத்தனர்'னு எழுதிடு. முடிஞ்சிது." அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

எழுதினேன். கையெழுத்துதான் பாக்கி. படித்துப் பார்த்தேன். சொந்த ஊரே கைவிட்ட ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாஜிஸ்திரேட் வேறு என்ன செய்வார்? உள்ளே தள்ளுவார்.

ஆனால் அந்தப் பாதிக் கொல்லை. நான் களமருதூர்க்காரி, விவசாயி மகள். எங்கள் வீட்டில் ஒரு சால் விட்டுப்போனாலே அப்பாவுக்குச் சோறு இறங்காது. சரிபாதியில் கோடு போட்டாற்போல் யாராவது விடுவார்களா? அந்த மண்வெட்டியை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?

கையெழுத்துப் போடவில்லை. நாளை மறுபடியும். அருள் வண்டியில் கூட்டிப் போகிறார், "மலையப் பாத்தாப்பல இருக்கும், திருடனுக்காக இல்ல" என்ற நிபந்தனையோடு.

செப்டம்பர் 13, சனி

எழுத்து கோணல். வந்து செருப்பைக்கூட கழற்றவில்லை, முதலில் இது.

இன்று திருட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நேரே கொல்லைக்குப் போய் ராசாத்தியிடம், "அக்கா, இந்தப் பாதிய ஏன் வுட்டுட்டீங்க?"

"அது சடையன் வெட்டணும்மா."

"நாலு மாசமாச்சே. வேற ஆள் வெச்சி வெட்டக்கூடாதா?"

"அது அவன் பங்கு. சித்திரையில ஆரம்பிச்சான். பாதியிலயே போலீஸ்காரங்க வந்து இட்டுக்கினு பூட்டாங்க. மம்புட்டி அவன் வெச்ச எடத்துலயே கீது." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வருஷம் அதுல ஒண்ணும் போடல" என்றார்.

அரைக் கொல்லை விளைச்சலை விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருக்கிறார்! அருள் வண்டிச் சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

மீதியை ஊர்க்கவுண்டர் சொன்னார், பெயர் எதுவும் சொல்லாமல். "எங்க ஊர்ல ஒருத்தன் தப்புப் பண்ணா, கூட்டத்துல வுழுந்து கும்புடணும். ஊர் சொல்ற வேலைய அவங்களுக்குச் செய்யணும். அவன் வுழுந்து எழுந்துட்டா அந்தப் பேச்சு முடிஞ்சிதுங்க. அப்பறம் எவன் அத வாயில எடுக்கறானோ, அபராதம் அவனுக்குத்தான்."

"கவர்மெண்ட் ஆளு கேட்டாலுமா?"

"ஆரு கேட்டாலும்."

"அப்போ போலீஸ்ல புகார்?"

"அது கூட்டத்துக்கு முன்னாடி, கோவத்துல குடுத்தது. அப்பறம் வாணாம்னு போய்ச் சொன்னாங்க. எழுதிட்டோம், இனிமே கோர்ட்டுலதான்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க."

நான் என்ன மண்டு! அபராதம் விழக்கூடிய கேள்வியையே வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். கேள்வியை மாற்றினேன். "சடையன் வந்தா அவனுக்கு இங்க இன்னா வேலை இருக்குது?"

ஐயோ, அந்தச் சத்தம்! எல்லோரும் ஒரே நேரத்தில். எழுத எழுத மை தீர்ந்தது, நல்லவேளை இரண்டு பேனா:

- ராசாத்தியின் பாதிக் கொல்லை (முதலில் இது, மழைக்குள்)
- அவன் அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது
- கடுக்காய் பறிக்க மரம் ஏறுகிறவன் அவன் ஒருவன்தான்
- எருது ஒன்று அவனைத் தவிர யாரையும் கிட்டே விடுவதில்லை
- கோயில் திருவிழாவில் மத்தளம், அவன் இல்லாததால் போன தடவை மகா கேவலமாம்

இறங்கும்போது பத்தாவது வளைவில் அருள் வண்டியை மெதுவாக்கினார். பிறகு, "நம்ம வண்டிய எடுத்தவன இப்பிடி வூட்டு வேலைக்கு வெச்சிருந்தா, எனக்குத் துணியாவது காஞ்சிருக்கும்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. அம்மா போனில் திட்டு. எழுதுகிறேன், எழுதுகிறேன். ஏழு பக்கம்.

பூட்டு விஷயத்தைச் சேர்த்துவிட்டேன். இருக்கட்டும், அவனே மறைக்காததை நான் எதற்கு மறைக்க?

செப்டம்பர் 15, திங்கள்

வ. சார் ஏழு பக்கத்தையும் படித்தார். டீ ஆறிப்போனது. "இது ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். ஆனால் ஒரு வரியும் அடிக்கவில்லை. "இந்த மாதிரி எழுதினா ஜட்ஜ் கேள்வி கேப்பாரு. நின்னு பதில் சொல்லணும், தெரியுதா?"

தெரிகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாஜிஸ்திரேட் பக்கம் புரட்டினார். நாலாம் பக்கத்தில் நின்றார். "பூட்டுத் தொறக்கக் கத்துக்கிட்டான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் வெளியே அனுப்பவும் சொல்றீங்க?"

எழுந்தேன். குரல் கீச்சென்று வந்தது. "ஐயா, பூட்டே இல்லாத ஊர்லேர்ந்து வந்தவன் நாலு மாசத்துல இதைக் கத்துக்கிட்டான். இன்னும் ரெண்டு வருஷம் வெச்சா வேற என்னென்ன கத்துப்பானோ." யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"புகார்தாரர் வந்திருக்காரா?"

நான் வரச் சொல்லவேயில்லை, முதல் பஸ் பிடித்து ராசாத்தி வந்திருந்தார். நல்ல சேலை, கையில் மஞ்சள் பை.

"இவர் உங்க வீட்ல திருடினது உண்மைதானேம்மா?"

ராசாத்தி மஞ்சள் பையை மாற்றிப் பிடித்தார். உண்மை என்றால் ஊரில் அபராதம். இல்லை என்றால் கோர்ட்டில் பொய். சடையன் கூண்டில் தலைகுனிந்து நிற்கிறான்.

"சொல்லுங்கம்மா."

"அய்யா, மழ வரப்போவுது" என்றார் ராசாத்தி. "அவன அனுப்புங்க. கொல்ல பாதி நிக்குது."

மாஜிஸ்திரேட் மறுபடி கேட்கவில்லை. என் ஏழு பக்கத்தைக் கடைசி வரை படித்தார், மத்தளம் உட்பட. பிறகு எழுதினார்.

ஒரு வருடம், என் மேற்பார்வையில். அவன் சொந்தக் கையெழுத்து மட்டும் போதும், வேறு ஜாமீன்தாரர் வேண்டாம். இன்றே வீட்டுக்கு!

வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வ. சாருக்குப் போன் போட்டேன். "சரி, சரி, அழுவாத. ரெண்டு நாளு லீவு வோணுமா?" வேண்டாம். வார்டர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று ஒருத்தன் போய்விட்டான் அண்ணே, ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

மூன்று நாளாக மழை, இன்று விட்டிருக்கிறது. முதல் மேற்பார்வை. அருள் கேட்காமலே வண்டியை எடுத்தார்.

கொல்லை முழுசாக! புதர் இருந்த பாதியில் சிவந்த மண், வரிசை வரிசையாக மரவள்ளிக் குச்சிகள். ஒரே ஒரு ஓரம் பாக்கி. சடையனுக்கு முகம் தேறியிருக்கிறது. துரு போய் மண்வெட்டி பளபளக்கிறது.

ஊரே சுற்றி நிற்க, பெரிய மனுஷி மாதிரி பதிவேட்டைத் திறந்து சத்தமாகப் படித்தேன். பெயர், சடையன். வயது, இருபத்து நாலு. குற்றம், திரு...

சட்டென்று வாயைப் பொத்தினேன். நேரம் கடந்துவிட்டது. ராசாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்குகிறது.

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். "மேடம், அபராதம்."

"இன்னாங்க அபராதம்?"

பாக்கி இருந்த ஓரத்தைக் காட்டினார். சடையன் மண்வெட்டியை இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினான். "ஈர மண்ணுங்க மேடம், மெதுவா வெட்டுங்க."

ஒரு வரிசை, முழுசாக வெட்டினேன். அருள் சிரித்துச் சிரித்து பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

இந்த நோட்டில் எழுதுவதற்கும் அபராதம் உண்டா என்று கேட்காமல் வந்துவிட்டேன். பதிவேட்டில் மேற்பார்வைக் குறிப்புக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

சடையன், 24. நெல்லிக்காட்டூர். மரவள்ளி நட்டிருக்கிறான்.